ஆணழகன் மேடையா, மென்ஸ் பிசிக்கா, வலுதூக்கலா: முதல் போட்டிக்கு எதைத் தெரிவது?

இரண்டு மூன்று வருடம் ஒழுங்காக ஜிம்முக்குப் போய், தோளும் நெஞ்சும் திரண்டு வந்ததும் பெடியள் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "அண்ணா, இந்த வருசம் போட்டிக்கு இறங்கட்டோ?" கொக்குவிலிலும் கேட்கிறார்கள், நெல்லியடியிலும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, எந்தப் போட்டிக்கு என்பதுதான். பலரும் அதை யோசித்திருப்பதில்லை. பேஸ்புக்கில் ஒரு போஸ்டர் வந்திருக்கும், கூடப் பயிற்சி செய்யும் ஒருவர் பெயர் கொடுத்திருப்பார், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு முதல் தடவை இறங்க நினைப்பவருக்கு முன்னால் உண்மையில் நான்கு வழிகள் உள்ளன. எடைப் பிரிவில் உடற்கட்டழகர் போட்டி, அதாவது நாங்கள் ஆணழகன் என்று சொல்வது. மென்ஸ் பிசிக், அதாவது காற்சட்டையோடு மேல் உடம்பை முக்கியமாகக் காட்டுகிற மேடை. வலுதூக்கல், அதாவது எவ்வளவு பாரம் தூக்குகிறீர்கள் என்று பார்க்கிற பவர்லிஃப்டிங். நான்காவது, மேடை ஏறாமல் அதே ஒழுக்கத்தோடு உடம்பைக் கொண்டுவருவது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்குக் குறைவாகப் பயிற்சி செய்தவர்களில் பெரும்பாலானோர் முதலில் வலுதூக்கலுக்குப் போகலாம். உடல்வாகு பொருந்தினால் அடுத்தது மென்ஸ் பிசிக். ஆணழகன் மேடை அதற்கும் பிறகு. ஏன் என்று இனிப் பார்ப்போம்.

முதலில் எடைக் கணக்கு

மேடைக்கு எவ்வளவு மெலிய வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் குறைத்து நினைக்கிறார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடற்கொழுப்பு 15 வீதம் என்று வைப்போம். பார்க்க நல்ல உடம்புதான். கொழுப்பு மட்டும் 10.5 கிலோ, மற்றதெல்லாம் சேர்த்து 59.5 கிலோ. மேடையில் 6 வீதத்துக்கு வரவேண்டுமென்றால், தசையில் ஒரு கிராம்கூட இழக்காவிட்டாலும் எடை 63 கிலோ சொச்சத்துக்கு இறங்க வேண்டும். நடைமுறையில் கொஞ்சம் தசையும் போகும், தசைக்குள் சேமிப்பாக இருக்கிற மாச்சத்தான கிளைக்கோஜனும் அதோடு ஒட்டியிருக்கிற நீரும் குறையும். ஆகவே 62 என்று வையுங்கள். "நான் 75 கிலோப் பிரிவில் நிற்பேன்" என்று சொல்லித் திரிந்தவர் கடைசியில் 65 கிலோப் பிரிவில் நிற்பது இப்படித்தான். சட்டை போட்டால் ஜிம்முக்குப் போகிறவர் என்றே தெரியாது, "வருத்தமோ தம்பி?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்பார்.

தசையைக் காப்பாற்றிக்கொண்டு மெலிய வேண்டுமானால் வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 வீதம் வரைதான் குறைக்கலாம் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. 70 கிலோவுக்கு அது 350 முதல் 700 கிராம். சராசரியாக அரைக் கிலோ என்றால் எட்டுக் கிலோவுக்கு 16 வாரம். இடையில் ஒரு காய்ச்சல், ஒரு கலியாண வீடு, எடை அசையாமல் நிற்கிற இரண்டு வாரம் எல்லாவற்றையும் சேர்த்தால் 20 வாரம். போட்டிக்கு இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது என்று வருகிறவருக்கு நான் ஒரே பதில்தான் சொல்வேன்: அடுத்த வருடம் பார்ப்போம்.

மெலிவதற்கு உடம்பு கொடுக்கிற விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஊக்கமருந்து எடுக்காத உடற்கட்டழகர் ஒருவரைப் போட்டிக்கு முந்தைய ஆறு மாதமும் பிந்தைய ஆறு மாதமும் தொடர்ந்து அளந்தார்கள். கொழுப்பு 14.8 வீதத்திலிருந்து 4.5 வீதத்துக்கு வந்தது. ஓய்வு நேர இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 53இலிருந்து 27க்கு இறங்கியது. ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. போட்டிக்குப் பிறகு பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பின. ஆனால் உடல் வலிமை ஆறு மாதம் கழித்தும் முழுதாகத் திரும்பவில்லை. அவர் எல்லாவற்றையும் முறையாகச் செய்தவர். ஆய்வில் இருந்தது அவர் ஒருவர்தான் என்பதால் எல்லோருக்கும் இதே எண்கள் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் கடைசி ஆறு வாரத்தில் குளிர்வது, நித்திரை கெடுவது, சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவது, மனைவியோடு நெருக்கம் அற்றுப்போவது எல்லாம் மேடை ஏறிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உயர்தரப் பரீட்சை எழுதுகிற வருடத்தில் இதில் இறங்கவே கூடாது. மேசன் வேலை, கடலுக்குப் போகிற வேலை செய்கிறவர்களும் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

அடுப்படியில் நடப்பது

வெளிநாட்டு அட்டவணைகளில் கோழி நெஞ்சு, புரோக்கலி, ஓட்ஸ் என்று இருக்கும். எங்களுக்கு அது தேவையில்லை. சூரை, பாரை, சுறா, றால், முட்டை, பயறு, பருப்பு, சோயா மீற் எல்லாம் பக்கத்துச் சந்தையிலேயே கிடைக்கின்றன. 70 கிலோ ஆளுக்கு ஒரு நாளில் 140 கிராம் புரதம் வேண்டுமென்றால், 300 கிராம் மீனில் 60 கிராம் வரும், நான்கு முட்டையில் 25 கிராம் வரை, மிச்சம் பருப்பிலும் சோயாவிலும் வரும். லண்டனிலிருந்து மாமா கொண்டுவருகிற புரொட்டீன் டின் வசதிதான், கட்டாயமில்லை.

எங்களுக்குக் கவனம் தேவைப்படுவது தேங்காயில். பிட்டில் தேங்காய்ப்பூ, பக்கத்தில் சம்பல், மேலே சொதி. ஒரே சாப்பாட்டில் மூன்று தடவை. துருவிய தேங்காய் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. அதை நிறுக்காமல் "நான் பிட்டு ஒரு நீத்துப்பெட்டிதான் சாப்பிடுகிறேன்" என்று சொல்வதில் பயனில்லை. சிவப்பு அரிசிமாப் பிட்டை அளந்து, தேங்காயைப் பாதியாகக் குறைத்து, மீனை அவித்தோ தண்ணிக் குழம்பாகவோ வைத்தால் பெரும்பாலான வாரங்கள் வீட்டுச் சாப்பாட்டிலேயே ஓடிவிடும்.

அடுத்தது நாட்காட்டி. நல்லூர்த் திருவிழா 25 நாள். எத்தனையோ வீடுகளில் அந்த 25 நாளும் அடுப்படிக்குள் மீனும் முட்டையும் வராது. போட்டி ஆகஸ்டிலோ செப்டெம்பரிலோ என்றால், புரதம் மிக அவசியமான கடைசி வாரங்கள் அதற்குள் விழும். சோயா மீற்றில் உலர்ந்த நிறைக்கு 100 கிராமில் 50 கிராமளவு புரதம் இருக்கிறது. தயிர், பால்மா, பயறு எல்லாம் சேர்த்துச் சமாளிக்கலாம், சமாளித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அம்மாவோடு சண்டை பிடித்து, வெளியே கடையில் பொரித்த கோழி வாங்கிச் சாப்பிட்டுத் தயாராவதை விட, வருட முற்பகுதியில் வருகிற போட்டி ஒன்றைத் தெரிவது எவ்வளவோ மேல். வலுதூக்கலில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அங்கே மெலியத் தேவையில்லை, சாப்பிட்டுக்கொண்டே தயாராகலாம்.

இரண்டு மேடைகள்

மென்ஸ் பிசிக் சர்வதேச அமெச்சூர் போட்டிகளுக்குள் 2012 அளவில் வந்த புதிய பிரிவு. முழங்கால் வரை வருகிற காற்சட்டை, உயரப் பிரிவு, முன், பக்கம், பின் என்று கால்வட்டம் கால்வட்டமாகத் திரும்பி நிற்பது. தொடை காட்டத் தேவையில்லை. ஆணழகன் போட்டியில் சின்னக் கச்சையோடு கட்டாய நிலைகள் வரும்: முன்புறம் இரண்டு கைகளையும் மடக்குவது, முதுகை விரிப்பது, பக்க நெஞ்சு, வயிறும் தொடையும் என்று. அதன் பிறகு பாட்டுக்குத் தனி நிகழ்ச்சி. இரண்டுக்கும் நடுவில், உயரத்துக்கேற்ப எடைக்கு உச்ச வரம்பு வைக்கிற கிளாசிக் பிசிக்கும் இருக்கிறது. முதல் போட்டிக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

"கால் அடிக்கத் தேவையில்லை, ஆகவே மென்ஸ் பிசிக் சுகம்" என்று நினைப்பது பிழை. இடுப்பும் அடிவயிறும் ஆணழகன் மேடைக்குச் சமமாக உலர்ந்திருக்க வேண்டும். அதோடு அங்கே எலும்பமைப்புத்தான் பாதி. அகன்ற தோளும் சிறுத்த இடுப்பும் பிறப்பில் வருவது. தோள்தசையை வளர்க்கலாம், இடுப்பெலும்பை ஒடுக்க முடியாது. மாறாக, குட்டையாக, தடித்த தொடையும் கெண்டைக்காலுமாக இருக்கிற ஒருவருக்கு மென்ஸ் பிசிக்கில் தன் சிறப்பு முழுவதையும் காற்சட்டைக்குள் மறைக்க வேண்டிவரும். அவருக்கு ஆணழகன் மேடைதான் சரி, இன்னும் மூன்று வருடம் பொறுத்து. உங்களை யாராவது பக்கவாட்டிலும் பின்புறமும் படம் எடுத்து, அதைப் பொய் சொல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். சொந்த ஜிம் மாஸ்டரை விட வேறு ஜிம் மாஸ்டர் நல்லது.

இரண்டு மேடைகளுக்கும் பொதுவானது, கண்ணால் பார்த்துத் தீர்ப்பளிப்பது. 1901இல் லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் அந்தக் காலத்துப் புகழ்பெற்ற பயில்வான் யூஜின் சாண்டோ நடத்திய போட்டிக்கு எழுத்தாளர் ஆர்தர் கொனன் டொயில் ஒரு நடுவராக இருந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை: பக்கத்தில் நிற்கிறவரோடு ஒப்பிட்டு உங்களுக்கு ஓர் இடம் தருவார்கள். வாழ்க்கையிலேயே உங்கள் சிறந்த உடம்போடு போயும் ஒன்பதாம் இடம் வரலாம், ஏனென்றால் அன்று எட்டுப் பேர் உங்களை விட நல்ல உடம்போடு வந்திருக்கிறார்கள். இதைத் தாங்குகிற மனம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கோயிலில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலுக்கு ஒன்றுமில்லாமல் நிற்பது எங்கள் ஆண்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆகவே மேடைக் கூச்சம் பெரிதாக வராது. வருகிற தொல்லை வேறு: நிலைகளைப் பழகாமல் போவது. ஒரு நிலையைத் தசையெல்லாம் இறுக்கி, முகத்தில் சிரிப்போடு 20 விநாடி பிடித்துப் பாருங்கள், கால் நடுங்கும். நான்கு மாதம் பட்டினி கிடந்தவர் மேடையில் வயிற்றைத் தளர விட்டு இடத்தை இழப்பதைப் பார்க்க மனம் நோகும். கடைசி எட்டு வாரமும் நாளுக்கு அரை மணித்தியாலமாவது இதற்கு வேண்டும்.

ஊசி

மென்று விழுங்காமல் சொல்ல வேண்டிய விடயம் இது. மேடைக்குப் போவதென்று முடிவெடுத்து சில வாரத்துக்குள், யாரோ ஒருவர் தோளில் கைபோட்டு "ஒரு கோர்ஸ் அடிச்சால் காணும்" என்று சொல்வார். அவர் சொல்வது ஸ்டெரொயிட் ஊசியை. பரிசோதனை இல்லாத போட்டியில் உங்கள் பக்கத்தில் நிற்கிறவர் அதை எடுத்திருக்கலாம், அவரோடுதான் உங்களை ஒப்பிடுவார்கள். இது நியாயமில்லைதான். ஆனால் தெரிந்துகொண்டு இறங்க வேண்டிய உண்மை.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும், விந்தணு குறையும். நிறுத்திய பிறகும் திரும்ப மாதக் கணக்காகலாம், சிலருக்கு அதற்கும் மேல். நல்ல கொலஸ்ட்ரோல் விழும், இதயத் தசை தடிக்கும். இங்கே கைமாறுகிற குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. இருபத்திரண்டு வயதுப் பெடியன் ஒருவன் பிளாஸ்ரிக் கோப்பைக்காகத் தன் பிள்ளைப்பேற்றைப் பணயம் வைப்பதை என்னால் எந்தக் காரணம் கொண்டும் சரி என்று சொல்ல முடியாது.

சட்டமும் இருக்கிறது. இலங்கையில் ஊக்கமருந்துக்கு எதிராக 2013இல் தனிச் சட்டம் வந்தது, அதன் கீழ் ஒரு முகவரகம் இயங்குகிறது. ஸ்டெரொயிட் பிடிபட்டால் பொதுவாக நான்கு வருடத் தடை. "டின்னில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது" என்ற பதில் எடுபடாது. உடம்புக்குள் இருப்பதற்கு வீரர்தான் பொறுப்பு.

ஊசியை விட வேகமாக ஆளைக் கொல்லக்கூடியது நீர் போக்கும் மாத்திரை. கடைசி இரண்டு நாளில் தண்ணீரை நிறுத்தி, உப்பை நிறுத்தி, மாத்திரை போட்டுத் தோலை ஒட்ட வைக்கச் சொல்வார்கள். அல்ஜீரியாவில் பிறந்த தொழில்முறை வீரர் மொகமட் பெனஸீஸா 1992இல் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்தது இதனால்தான். தசையில் நான்கில் மூன்று பங்கு நீர். அதை உறிஞ்சி எடுத்தால் தசை தட்டையாகித்தான் போகும், மேடையில் அழகும் கூடாது. இதைச் சொல்லித்தருகிற பயிற்றுநரை அன்றைக்கே விட்டு விலகுங்கள்.

வலுதூக்கல்

ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது), பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து தள்ளுவது), டெட்லிஃப்ட் (நிலத்திலிருந்து தூக்கி நிமிர்வது). ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சி. மூன்று நடுவர்கள், வெள்ளை விளக்கு, சிவப்பு விளக்கு. இரண்டு வெள்ளை விழுந்தால் தூக்கல் செல்லும். மூன்றிலும் சிறந்ததைக் கூட்டினால் உங்கள் மொத்தம். முதல் போட்டியில் 300 கிலோ, அடுத்ததில் 325 என்றால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். கடைசி இடம் வந்தாலும் அந்த 25 கிலோவை யாரும் மறுக்க முடியாது. முதல் தடவை போகிறவருக்கு இதை விட நல்ல கூலி எனக்குத் தெரியவில்லை. ஊசி அடித்தவர் பக்கத்தில் நின்றாலும் உங்கள் எண் உங்கள் எண்தான்.

சர்வதேச வலுதூக்கல் சம்மேளனத்தின் விதிப்படி எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு தொடங்கும். ஆகவே நீரை வற்ற வைத்து எடை குறைக்கிற விளையாட்டுக்கு அங்கே அதிகம் இடமில்லை. இப்போது என்ன எடையோ அந்தப் பிரிவிலேயே இறங்குங்கள்: 59, 66, 74, 83, 93 என்று ஆண்களுக்குப் போகும்.

குறை இல்லாமலில்லை. எங்கள் ஜிம்களில் பலர் செய்வது அரை ஸ்குவாட். போட்டியில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும். 140 கிலோ என்று நம்பியிருந்தவருக்கு முழு ஆழத்தில் 105 வருவது சாதாரணம். பெஞ்சில் பாரை நெஞ்சில் நிறுத்தி, கட்டளை வந்த பிறகுதான் தள்ளலாம். இதையெல்லாம் கற்றுத்தர ஆள் தேடவேண்டும், அவசரப்பட்டால் நாரி போகும். இன்னொன்று, மேடை வெளிச்சத்தில் நின்று கைதட்டல் வாங்கவேண்டும் என்பதே ஒருவரின் ஆசை என்றால் வலுதூக்கல் அதை நிறைவேற்றாது. அந்த ஆசையில் தப்பொன்றுமில்லை. அப்படியானவர் மென்ஸ் பிசிக்குக்கே போகட்டும், 20 வார அவகாசத்தோடு.

தங்கச்சிமாருக்கு

இப்போது பெண் பிள்ளைகளும் கேட்கிறார்கள், எனக்கு அது பெரிய சந்தோசம். பெண்களுக்கான மேடைப் பிரிவுகளில் உடை நீச்சலுடைதான். அதை அணிவதா என்பது அவரவர் முடிவு. ஆனால் படம் அன்றிரவே பேஸ்புக்கில் ஊர் சுற்றும், கீழே யார் யாரோ எழுதுவார்கள், அதை வீட்டில் யார் எப்படித் தாங்குவார்கள் என்பதை முன்பே கதைத்துக்கொள்வது நல்லது. வலுதூக்கலில் இந்தப் பிரச்சினை குறைவு. உடம்போடு ஒட்டிய உடைக்குள் ரீ-சேர்ட் போடுவதே விதி.

உடம்பின் கணக்கும் வேறு. பெண்கள் அந்தளவுக்கு மெலிந்தால் மாதவிடாய் நிற்பது அடிக்கடி நடக்கிறது, அது எலும்பையும் பாதிக்கும். பின்லாந்தில் 2017இல் வெளியான ஆய்வில், போட்டிக்கு மெலிந்த பெண்களின் ஹோர்மோன்களில் பெரும்பாலானவை மூன்று நான்கு மாதத்தில் மீண்டன; தைரொயிட் ஹோர்மோன் ஒன்றும் டெஸ்டோஸ்டிரோனும் அப்போதும் முழுதாக மீளவில்லை. மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கினால் அதைத் தயாரிப்பு நன்றாக நடக்கிறதன் அடையாளம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். என் சொந்தத் தங்கச்சி கேட்டாலும் முதலில் வலுதூக்கலைத்தான் காட்டுவேன்.

காசும் பயணமும்

தேசிய மட்டப் போட்டி பெரும்பாலும் தெற்கில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறிக் காலையில் இறங்கி நேரே மேடைக்குப் போனால் கால் வீங்கி, கண் சிவந்து, நான்கு மாத உழைப்பு மங்கித் தெரியும். முதல் நாளே போய் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். மாமி சாப்பிடச் சொல்லிக் கரைச்சல் கொடுப்பார் என்பதால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். பதிவுக் கட்டணம், கச்சை, மேடைக்குப் பூசும் நிறம், பயணம், நான்கு மாத மீன், கோழிச் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கள் தோல் நிறத்துக்கும் பூச்சுத் தேவை. மேடை வெளிச்சம் தசைக் கோடுகளை அழித்துவிடும். முதல் போட்டியில் கிடைப்பது பெரும்பாலும் கோப்பையும் சான்றிதழும்தான். பரிசுப் பணத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். எந்தச் சங்கம் நடத்துகிறது, அது அங்கீகாரம் பெற்றதா என்று பிரதேச செயலகத்தில் இருக்கிற விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்கலாம். ஒரு நடை போனால் போதும்.

நான்காவது வழிக்கு இவ்வளவு செலவில்லை. ஒரு திகதி குறித்து, 12 வாரத்தில் 10 வீதமளவுக்கு வந்து, நல்ல படப்பிடிப்பாளர் ஒருவரிடம் படம் எடுத்துக்கொள்வது. 10 வீதத்தில் உடம்பு அழகாகத்தான் இருக்கும், நித்திரையும் வரும். மேடைத் தயாரிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கவும் இதுவே மலிவான சோதனை. பாதியில் விட்டாலும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

சரி, இதையெல்லாம் வாசித்த பிறகும் மேடைதான் என்றால், போட்டிக்குப் பிந்தைய நான்கு வாரச் சாப்பாட்டைப் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுதுங்கள். போட்டி முடிந்த இரவு தொடங்குகிற பசி சாதாரணப் பசி இல்லை. கொத்து ரொட்டி, ஐஸ்கிறீம் என்று தொடங்கி ஒரு வாரத்தில் ஏழு எட்டுக் கிலோ ஏறி, முகம் ஊதி, கணுக்கால் வீங்கி, வெளியே வரவே கூச்சப்பட்டு ஜிம்மை விட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே தேவையான அளவுக்குச் சாப்பாட்டைக் கூட்டுங்கள், ஆனால் அளந்து கூட்டுங்கள். எடை நான்கைந்து கிலோ ஏறத்தான் வேண்டும், அது நல்லது. எழுதிய தாளை வீட்டில் சமைக்கிறவரிடம் கொடுங்கள். கடைசி மாதம் உங்கள் எரிச்சலைத் தாங்கியவரும் அவர்தான், அடுத்த மாதம் உங்களுக்குச் சாப்பாடு போடப்போகிறவரும் அவர்தான்.